சுவரும் சித்திரமும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. உடம்பைப் பேணிக்கொள் என்று சொல்ல வரும் பெரியவர்கள் இதைத்தான் எடுத்துச் சொல்வார்கள். பழமொழியில் பிழை இல்லை. ஆனால் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நாம் வேறொரு முடிவுக்கு வந்துவிட்டோம். சித்திரம் என்பது எல்லாத் தேவைகளும் நிறைவேறிய பிறகு செய்துகொள்ளும் அலங்காரம் என்று எண்ணிவிட்டோம். சுவரில் விரிசல் காணும் காலத்தில் அந்தச் சித்திரமே முட்டுக் கொடுத்து நிற்கவும் கூடும் என்பதை நாம் நினைப்பதில்லை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை உள்ள நம் தம்பி தங்கையரை மனத்தில் வைத்தே இதைச் சொல்கிறேன்.

நாம் வாழும் பெங்களூர் ஓவியத்தை மதிக்கும் ஊர். சனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் குமார கிருபா சாலைக்குப் போனவர்கள் இதை அறிவார்கள். கர்நாடக சித்திரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தையன்று அந்தச் சாலையில் வண்டிகளுக்கு இடமில்லை. இருமருங்கும் ஓவியங்கள், நடுவே மக்கள் வெள்ளம். ஓர் ஊர் தன் சாலை ஒன்றையே ஒரு நாள் முழுதும் ஓவியத்துக்குக் கொடுத்துவிடுகிறது. அதே ஊரில், பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஓவியத்துக்குக் கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை. இது முரண்பாடு அன்றோ?

"படிக்கிற பிள்ளைக்குப் படம் எதற்கு?" என்று கேட்பவர்கள் பலர். அவர்களுக்கு விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அழகுணர்ச்சியைப் பற்றியோ கலையின் பெருமையைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. மனநலத்தைப் பற்றியே பேசப் போகிறேன்.

முதலில் சில எண்களைப் பார்ப்போம். உலகில் பத்து முதல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலக் குறைவோடு வாழ்கிறார் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பு. நம் நாட்டைப் பற்றிய கணக்கு நம் ஊரிலிருந்தே கிடைத்திருக்கிறது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு மனநலக் குறைவு காணப்பட்டது. பெருநகரங்களை மட்டும் தனியே பார்த்தால் அந்த எண் 13.5 ஆக உயர்ந்தது. அதாவது, நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் ஒரு பெருநகர வகுப்பறையில் ஐந்து பேர். அந்த ஐவரும் காய்ச்சலில் விழுந்திருந்தால் பள்ளிக்கே விடுமுறை விட்டிருப்போம். மனத்தில் நோயுற்றவர்களாதலால் "கவனம் போதாது" என்று மதிப்பெண் அட்டையில் எழுதி அனுப்பிவிடுகிறோம்.

இந்தப் பருவம் ஏன் இவ்வளவு நொய்மையாக இருக்கிறது? மூளையின் வளர்ச்சி எல்லாப் பகுதிகளிலும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. உணர்ச்சியைக் கிளறிவிடும் உட்பகுதிகள் முந்திக்கொள்கின்றன. அவற்றை அடக்கி ஆளவும், முன்பின் எண்ணிப் பார்க்கவும் உதவும் நெற்றிப்புற மூளையோ இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்ச்சி அடைகிறது. வேகமாக ஓடும் குதிரையும் இன்னும் பழகி முடியாத ஓட்டுநரும் சேர்ந்த வண்டி அது. சினம், நாணம், ஆசை, அச்சம் எல்லாம் பெரியவர்களுக்கு உள்ள அளவிலேயே வந்துவிடுகின்றன. அவற்றுக்குப் பெயர் வைத்துச் சொல்லும் திறன் மட்டும் பின்தங்கி வருகிறது.

நம் குடும்பங்களின் வழக்கமும் இதற்குத் துணை செய்வதில்லை. "என்னடா ஆச்சு?" என்று தாய் கேட்பாள். "ஒண்ணுமில்லம்மா" என்பான் மகன். "ஒன்றுமில்லை" என்ற அந்தச் சொல்லுக்குள் எவ்வளவோ இருக்கும். அதைத் திறந்து பார்க்க நமக்குத் தெரிவதில்லை. இங்கே குடியேறி வாழும் நம்மவர் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். மூன்று மொழிகள் தெரிந்த பிள்ளை என்று நாம் பெருமைப்படுகிறோம். மனத்தில் இருப்பதைச் சொல்லும் அளவுக்கு மூன்றில் ஒன்றேனும் அந்தப் பிள்ளைக்குக் கைகொடுக்கிறதா என்று நாம் கேட்பதில்லை.

எனக்கு இதை உணர்த்தியவன் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன். கட்டட வேலைக்காகத் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் அப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து வந்தோம். அவன் நாள் தவறாமல் வருவான், வாய் திறக்கமாட்டான். ஐந்தாறு வாரம் கழித்து அவன் கணக்கு நோட்டின் பின்பக்கங்களைத் தற்செயலாகப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் வீடுகள். அடுக்கு மாடி வீடுகள். ஒன்றிலாவது கதவு இல்லை.

மனநூல்கள் இரண்டு மூன்றைப் புரட்டியிருந்த எனக்கு உடனே ஒரு விளக்கம் தோன்றிவிட்டது. 1948இல் ஜான் பக் என்ற அமெரிக்க உளவியலார் வீடு, மரம், மனிதர் ஆகிய மூன்றையும் வரையச் சொல்லி மனத்தை ஆராயும் சோதனை ஒன்றை வெளியிட்டார். அவ்வழி வந்தவர்கள், கதவில்லாத வீடு வரைபவன் பிறரிடம் மனத்தைத் திறக்காதவன் என்று பொருள் சொல்வார்கள். "பார்த்தாயா, இவன் மனம் மூடிக் கிடக்கிறது" என்று நான் எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆனாலும் ஏதோ ஒரு தயக்கத்தில், "இந்த வீட்டைப் பத்திச் சொல்றியா?" என்று அவனைக் கேட்டேன்.

"கதவு இன்னும் வரலக்கா" என்றான்.

எனக்கு விளங்கவில்லை. அவனே தொடர்ந்தான். "அப்பா கட்டுற வீடுக்கா. நாங்க அங்கதான் இருக்கோம். கதவு மாட்டிட்டா கெளம்பிடுவோம். வேற எடம், வேற ஸ்கூலு."

நான் வெட்கிப் போனேன். அவன் தன் மனத்தின் மூடிய கதவை வரையவில்லை. தான் குடியிருந்த வீட்டை உள்ளபடி வரைந்திருந்தான். ஆனால் அந்தப் படம் இல்லாவிட்டால் அந்த மூன்று வரிகளை அவன் என்னிடம் சொல்லியிருக்க மாட்டான். அதன் பிறகு அவன் பேசினான். விட்டுவந்த நண்பர்களைப் பற்றிப் பேசினான். எந்தப் பள்ளியிலும் ஆண்டுவிழா வரைக்கும் தான் இருந்ததில்லை என்று சொன்னான். நான்கு மாதம் கழித்து அந்தக் கட்டடத்துக்குக் கதவுகள் வந்தன. குடும்பம் போய்விட்டது.

அச்சிறுவனிடமிருந்து நான் கற்றவை இரண்டு. சொல்லுக்கு வராததைக் கை சொல்லிவிடும் என்பது ஒன்று. கை சொன்னதை நாமாகப் படித்துவிட்டோம் என்று செருக்குக் கொள்ளக் கூடாது என்பது மற்றொன்று. ஓவியத்தைக் கொண்டு மனத்துக்கு உதவும் முறை முழுவதும் இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது என்பதைப் பின்னர் படித்தறிந்தேன்.

அந்த முறை எப்படிப் பிறந்தது? ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1938இல் காசநோய்க்கு ஆளாகி மருத்துவ விடுதியில் படுத்திருந்தார். பொழுது போக்கப் படம் வரைந்தார். அது தமக்கு நலம் தருவதை உணர்ந்து மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942இல் இதற்குக் 'கலைவழிச் சிகிச்சை' என்று பொருள்படும் பெயரை இட்டவர் அவரே. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் என்ற அம்மையார், மனநோய்ப் பிள்ளைகளின் ஓவியங்களைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தி இத்துறைக்கு ஒரு முறையான வடிவம் தந்தார்.

ஆனால் இத்துறையின் வரலாற்றில் என் நெஞ்சை விட்டு நீங்காத பெயர் வேறொன்று. வியன்னாவில் பிறந்த ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர், யூதர் என்ற ஒரே காரணத்தால் 1942 டிசம்பரில் நாசிகளின் தெரெசின் முகாமில் அடைக்கப்பட்டார். தாம் கொண்டுபோகலாம் என்று விடப்பட்ட சிறு மூட்டையில் அவர் வைத்துக்கொண்டவை பெரும்பாலும் ஓவியப் பொருள்கள். முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு மறைவாக ஓவியம் கற்பித்தார். பசியும் சாவும் சூழ்ந்த இடத்தில் அந்தப் பிள்ளைகள் பூவையும் பட்டாம்பூச்சியையும் தாம் இழந்த வீட்டையும் வரைந்தார்கள். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். புறப்படுமுன் பிள்ளைகளின் ஓவியங்கள் ஏறக்குறைய 4,500ஐ இரண்டு பெட்டிகளில் வைத்து ஒளித்துவிட்டுப் போனார். அவை இன்று பிராகா நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இல்லை. அந்த அம்மையாரிடம் முன்னர்ப் பயின்ற ஈடித் கிராமர் அமெரிக்கா சென்று, பிள்ளைகளுக்கான கலைவழிச் சிகிச்சையின் முன்னோடிகளுள் ஒருவரானார். ஒரு கை அணைந்தது. அது ஏற்றிய விளக்கு அணையவில்லை.

"இவையெல்லாம் மேல்நாட்டுக் கதைகள், நமக்கு என்ன?" என்று கேட்பவர் உண்டு. அவர்கள் கடல் கடந்து அதிகத் தொலைவு போக வேண்டாம். மட்டக்களப்பு வரை போனால் போதும். போரின் நடுவே, 1996இல், அங்கே 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா' என்ற ஒன்று தொடங்கியது. போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும் அதைத் தொடங்கியவர்கள். போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகள், கண்ணெதிரே கொலையைப் பார்த்த பிள்ளைகள், பேச்சே குறைந்துபோன பிள்ளைகள் அங்கே வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முசுலிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்தார்கள். வெளியே இரு சமூகங்களும் ஒன்றையொன்று அஞ்சிக் கொண்டிருந்த காலம் அது. உள்ளே அவர்கள் ஒரே களிமண்ணைப் பிசைந்தார்கள், ஒரே சுவரில் வண்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் ஆடினார்கள். "உனக்கு என்ன நேர்ந்தது, சொல்" என்று யாரும் அவர்களை நெருக்கவில்லை. மண்ணும் மரமும் வண்ணமும் இருந்தன. பொறுமையோடு உடனிருக்கும் பெரியவர்கள் இருந்தார்கள். சொல்ல வேண்டியது சொல்லத் தோன்றும்போது வந்தது. தமிழ் மண்ணில், தமிழ்ப் பிள்ளைகளிடையே நடந்த செயல் இது.

அதைவிட அருகில் வேண்டுமா? நம் ஊரிலேயே இருக்கிறது. 1954இல் அகில இந்திய மனநல நிறுவனமாகத் தொடங்கி 1974இல் நிம்ஹான்ஸ் என்ற வடிவம் பெற்ற நிறுவனத்தைப் 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்றே நம்மில் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனித்துறை ஒன்று உண்டு. இன்னலுக்கு ஆளான பிள்ளைகளுக்காக அத்துறையில் 2020இல் 'சம்வாத்' என்ற தேசிய அமைப்பு ஏற்பட்டது. ஆசிரியர்களுக்கும் காப்பகப் பணியாளர்களுக்கும் அவர்கள் தரும் பயிற்சியில் கதை, விளையாட்டு, ஓவியம், நாடகம் ஆகியவற்றுக்கு இடமுண்டு. பிள்ளையோடு பேசுவதற்குப் பிள்ளையின் மொழி வேண்டும் என்ற எளிய உண்மையை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நிற்க. அறிவியல் பயிலும் ஒருத்தி கதைகளை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் நீங்கள் விடமாட்டீர்கள். "சான்று எங்கே?" என்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

2016இல் அமெரிக்காவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். வயது வந்தோர் 39 பேர். ஒவ்வொருவருக்கும் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத்துக்கான தாள்கள் ஆகியவற்றைக் கொடுத்து 45 நிமிடம் விரும்பியதைச் செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரை எடுத்து, கார்ட்டிசால் என்ற சுரப்புப் பொருளை அளந்தார்கள். மன இறுக்கம் மிகும்போது உடலில் மிகும் பொருள் அது. ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு அதன் அளவு குறைந்திருந்தது. முன்பே ஓவியம் பழகியவர்கள், பழகாதவர்கள் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. இந்த இரண்டாவது முடிவே எனக்கு இனிக்கிறது. நன்றாக வரையத் தெரிந்தவனுக்குத்தான் பயன் என்பதில்லை.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அந்தச் சோதனை வளரிளம் பருவத்தினரிடம் செய்யப்பட்டதன்று. படம் வரையாமல் சும்மா அமர்ந்திருந்த ஒப்பீட்டுக் குழு ஒன்றும் அதில் இல்லை. கார்ட்டிசால் நாள் ஏற ஏறத் தானே குறையும் இயல்புடையது. ஆகவே அந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு "ஓவியம் மன நோயைத் தீர்க்கும்" என்று முழங்குவது அறிவியல் ஆகாது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2019இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கலைகள் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணை செய்கின்றன என்று கூறியது. அந்த ஆய்வுகளும் தரத்தில் ஒரே அளவானவை அல்ல. துணை செய்யும் என்பது வரை சொல்லலாம். மருத்துவத்துக்கு மாற்று என்று சொல்லலாகாது. கடும் மனச்சோர்வில் விழுந்த பிள்ளைக்கு வேண்டியவர் மருத்துவர். வண்ணப் பெட்டி மட்டும் போதாது.

இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். "கறுப்பு நிறம் தீட்டினால் சோகம், சிவப்புத் தீட்டினால் சினம்" என்று படம் பார்த்துக் குறி சொல்வோர் இப்போது பெருகிவருகிறார்கள். கைரேகை பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? படத்தில் உள்ள தனி அடையாளங்களைக் கொண்டு மனத்தை அளந்துவிடலாம் என்ற கொள்கைக்கு ஆய்வுகளில் போதிய ஆதரவு கிடைக்கவில்லை. கறுப்பு வண்ணம் மட்டும் பெட்டியில் மிச்சமிருந்தால் பிள்ளை கறுப்பைத்தான் தீட்டும்! கதவில்லாத வீட்டைப் பார்த்து நான் செய்த தவறும் இதுதான். படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை வரைந்தவனுக்கு மட்டுமே உண்டு.

அப்படியானால் ஓவியம் செய்வதுதான் என்ன? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மனத்துக்குள் உருவமில்லாமல் சுழன்றுகொண்டிருக்கும் ஒன்று, தாளில் வந்ததும் நமக்கு எதிரே நிற்கிறது. எதிரே நிற்பதைப் பார்க்கலாம், அழிக்கலாம், திருத்தலாம், மடித்து வைக்கலாம். உள்ளே இருக்கும் வரை அது நம்மை ஆண்டது. வெளியே வந்தபின் அதை நாம் சிறிதேனும் ஆள்கிறோம். மேலும், நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேச நாணும் பிள்ளைக்கு, இருவரும் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு பேசுவது எளிதாக இருக்கிறது. இதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் வேண்டியதில்லை. தாயும் மகளும் கோலம் போடும்போது பேசிக்கொள்ளும் பேச்சு, சாப்பாட்டு வேளையில் வருவதில்லை என்பதை நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம்.

இனிப் பள்ளிகளுக்கு வருவோம். சட்டத்தில் குறை இல்லை. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு மாத ஊதியம் ஐயாயிரம் ரூபாய். ஒரு மனிதரின் உழைப்புக்கு நாம் வைத்த விலை அது; ஓவியத்துக்கு நாம் வைத்த மதிப்பும் அதுவே.

நடப்பது என்ன? கால அட்டவணையில் 'ஓவியம்' என்று எழுதியிருக்கும். மணி அடிக்கும். உள்ளே வருபவர் கணக்கு ஆசிரியராக இருப்பார். நம்மில் எத்தனை பேருடைய டிராயிங் பீரியட் இப்படிப் பறிபோனது! நான் படித்த பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்போடு அது முடிந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் கூடுதலாகப் போட்ட கணக்குகளால் யாருக்கு எத்தனை மதிப்பெண் கூடியது என்று எனக்குத் தெரியாது. அந்த ஆண்டில் எங்கள் வகுப்பில் ஒருத்தி பள்ளிக்கு வருவதை நிறுத்தினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவள் எப்போதும் நோட்டின் ஓரத்தில் ஏதாவது வரைந்துகொண்டே இருப்பாள் என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. ஒருவர் அருகில் அமர்ந்து "இது என்ன?" என்று கேட்டிருந்தால் அவள் நின்றிருப்பாளா? சொல்ல முடியாது. கேட்கப்படவேயில்லை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

2025 சூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி ஒரு தீர்ப்பு வழங்கியது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற உளவள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று அது பணித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆலோசகர் ஒருவரை நாற்காலியில் அமர்த்திவிட்டால் பிள்ளை பேசிவிடுமா? "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும். அந்த மேசையின் மேல் சில தாள்களும் வண்ணப் பென்சில்களும் இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். 2021ஆம் ஆண்டின் இணை நலவாழ்வுத் தொழிலர் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் கலை, நடனவழிச் சிகிச்சையாளருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஆகவே இதை வெறும் பொழுதுபோக்கு என்று இனி யாரும் தள்ளிவிட இயலாது. பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அவர்கள் தமிழும் கன்னடமும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

"சோற்றுக்கு வழியில்லாதவனிடம் வண்ணப் பென்சிலை நீட்டுகிறாயே" என்று ஒரு நண்பர் என்னைக் கடிந்தார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. கதவு மாட்டியதும் ஊர் மாறும் சிறுவனுக்கு முதலில் வேண்டியது நிலையான வீடும் நிலையான பள்ளியும். ஓவியம் அவற்றைத் தரப்போவதில்லை. ஆனால் சோறு கிடைக்கும் வரை அழக்கூடாது என்று யாருக்காவது நாம் சொல்கிறோமா? துன்பத்தை வெளியிடும் உரிமையும் ஒரு தேவைதான். வசதி படைத்தவன் பிள்ளைக்கு இசை வகுப்பும் நடன வகுப்பும் ஓவிய வகுப்பும் இருக்கின்றன. ஏழையின் பிள்ளைக்குப் பள்ளியின் அந்த ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதையும் பறித்துவிட்டு, "உனக்குக் கலை எதற்கு?" என்று கேட்பது நியாயமா?

நண்பர்களே, அரசு செய்யட்டும், பள்ளி செய்யட்டும் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. பொங்கல் விழாவுக்கும் முத்தமிழ் விழாவுக்கும் மேடை போடும் நம் மன்றம், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாய் விரிக்க முடியாதா? கட்டட வேலைத் தளங்களிலும் அருகிலுள்ள குடியிருப்புகளிலும் இருக்கும் வளரிளம் பிள்ளைகளை அழைப்போம். தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் என்று வரம்பு கட்ட வேண்டாம். கன்னடப் பிள்ளையும் பீகாரிலிருந்து வந்த பிள்ளையும் வரட்டும். வண்ணத்துக்கு மொழி இல்லை. செலவு அதிகமில்லை: தாள், பென்சில், வண்ணக்கட்டி, கொஞ்சம் களிமண்.

இதைச் 'சிகிச்சை' என்று நாம் சொல்லிக்கொள்ளக் கூடாது. நாம் சிகிச்சையாளர்கள் அல்லோம். 'ஓவிய நேரம்' என்று சொல்வோம். சில கட்டுப்பாடுகளை மட்டும் நமக்கு நாமே வைத்துக்கொள்வோம். மதிப்பெண் கூடாது, பரிசும் போட்டியும் கூடாது. படத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது. "விருப்பமிருந்தால் சொல்" என்று மட்டும் கேட்கலாம். படம் பிள்ளைக்கே உரியது. கைப்பேசியில் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டக் கூடாது. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம் என்பது தவறக் கூடாது. ஏனென்றால் அந்தப் பிள்ளைகளின் வாழ்வில் மாறாமல் இருப்பது மிகக் குறைவு. தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணமோ, பிறர் கொடுமையோ வெளிப்பட்டால் நாமே தீர்த்துவிட முனையக் கூடாது. மனநல உதவிக்கு 14416 என்ற எண் இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது, தமிழிலும் பேசலாம். குழந்தைகள் உதவிக்கு 1098 இருக்கிறது. இவ்விரண்டும் நம் எல்லோருக்கும் மனப்பாடமாக வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு சொல். நாமும் அந்தப் பருவத்தைக் கடந்து நெடுநாள் ஆகிவிடவில்லை. விடுதி அறையில், ஆய்வுக்கூடத்தில், ஊர் நினைவில், "ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டு இருப்பவர்கள் நம்மிடையே இல்லையா? அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாயில் நமக்கும் ஒரு தாள் கிடைக்கும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம். உண்மைதான். ஆனால் அந்தச் சிறுவன் வரைந்த சுவர்களுக்குக் கதவே இல்லை. இப்போது அவன் இந்த ஊரின் எந்த மூலையில், எத்தனையாவது மாடியில் இருக்கிறானோ அறியேன். அவன் எங்கிருந்தாலும், "இது என்ன, சொல்றியா?" என்று கேட்க அங்கே ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் நம்மில் ஒருவராக இருக்கட்டும்.